டெத் ஏஞ்சலை உடைத்தது க்ரஞ்சா, பேருந்தா?

பிப்ரவரி 4, இரவு 11.20

"சியாட்டில்காரர்கள் வந்தார்கள், த்ராஷ் செத்தது, டெத் ஏஞ்சலும் அதோடு போனது. இதில் பேச என்ன இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

நிறைய இருக்கிறது. டெத் ஏஞ்சல் ஓர் அண்டர்கிரவுண்ட் த்ராஷ் குழு. த்ராஷ் என்றால் படுவேகமான மெட்டல் இசை. வாசகர் சொல்கிற சியாட்டில்காரர்கள், அந்த ஊரிலிருந்து எழுந்த க்ரஞ்ச் ராக் அலை. முதலில் காலக்கணக்கே உதைக்கிறது. டெத் ஏஞ்சலின் மூன்றாவது ஆல்பம் 'ஆக்ட் த்ரீ' வந்தது 1990 ஏப்ரலில். அந்த ஆண்டின் கடைசியில் லாஸ் வேகாஸுக்குப் போகிற வழியில், அரிசோனா பாலைவனத்தில் அவர்கள் போன பேருந்து விபத்துக்குள்ளானது. டிரம்மர் ஆண்டி கேலியனுக்குப் பலத்த அடி. அவர் முழுதாகத் தேறி வர ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அந்த இடைவெளியில் பாடகர் மார்க் ஒசெகுவேடா விலகினார். 1991இல் குழு இல்லாமல் போனது.

க்ரஞ்சை எல்லோருக்கும் கொண்டுபோன நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வெளிவந்தது 1991 செப்டம்பர் 24. விபத்து நடந்த நாளில் அது கடைக்கு வர இன்னும் முக்கால் வருடம் இருந்தது. வராத வெள்ளம் எப்படி வீட்டை அடித்துக்கொண்டு போகும்?

பிப்ரவரி 5, காலை

இரவு அவசரத்தில் எழுதியதில் டெத் ஏஞ்சலில் யார் யார் என்றே சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, 1982. பிலிப்பினோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர். ராப் கவெஸ்டனி லீட் கித்தார், கஸ் பேபா ரிதம், டெனிஸ் பேபா பேஸ், ஆண்டி கேலியன் டிரம்ஸ். முதலில் டெனிஸ்தான் பாடிக்கொண்டிருந்தார். கூடவே வந்து சாமான்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த இன்னொரு உறவுக்காரப் பையன் மார்க், 1984இல் மைக்கைப் பிடித்தார். ஐந்து பேரும் ஒன்றுக்குள் ஒன்று. ஆங்கிலத்தில் 'கசின்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெரியப்பா பிள்ளையா, மாமா பிள்ளையா என்று கேட்காமல் நம்மால் மேலே படிக்க முடியாது.

முதல் ஆல்பம் 'தி அல்ட்ரா வயலன்ஸ்' 1987இல் வந்தது. அதைப் பதிவு செய்தபோது ஆண்டிக்கு 14 வயது. திரும்பவும் சொல்கிறேன், 14. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் பாடுகிற குரலே கிடையாது, பத்தரை நிமிடம் வெறும் வாத்தியம். வேகம் மாறுகிறது, நிற்கிறது, வேறு இடத்தில் பிடிக்கிறது, மறுபடி பாய்கிறது. எங்கேயும் அந்தப் பையன் தடுமாறவில்லை. இப்போதும் அந்தப் பாட்டை ஓடவிட்டால் நான் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

பிப்ரவரி 5, இரவு

"ஜெஃபென் மாதிரிப் பெரிய கம்பெனியில் ஆல்பம் போட்டவர்களை அண்டர்கிரவுண்ட் என்று எப்படிச் சொல்லலாம்?"

அது மூன்றாவது ஆல்பத்தில். அதற்கு முந்தைய கதை கேசட்டில் நடந்தது. முதல் ஆல்பத்துக்கு முன்பே 'கில் ஆஸ் ஒன்' என்ற டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, பதிந்தார்கள். தயாரித்தவர் மெட்டாலிகா குழுவின் கித்தாரிஸ்ட் கிர்க் ஹாமெட். அந்த டெமோ கைக்குக் கை பரவியது. நீ எனக்கு ஒன்று பதிந்து அனுப்பு, நான் உனக்கு ஒன்று பதிந்து அனுப்புகிறேன் என்று தபாலில் நடந்த பண்டமாற்று அது. 1982இல் மெட்டாலிகாவின் டெமோ பரவியதும் இதே வழியில்தான். எக்ஸோடஸ் என்ற இன்னொரு த்ராஷ் குழுவின் முதல் ஆல்பம் 1985இல் வெளிவருவதற்குள் அதன் கேசட் பிரதிகள் ஊர் ஊராகச் சுற்றி முடித்திருந்தன. ரேடியோ தொடாத இசைக்கு அந்தக் கேசட்தான் ரேடியோ.

நான் 'அல்ட்ரா வயலன்ஸ்' கேட்டதும் கேசட்டில்தான், பிரதியின் பிரதியின் பிரதி. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் இரைச்சல் ஒரு படி ஏறும், கூர்மையான ஒலிகள் ஒரு படி இறங்கும். முதலில் காணாமல் போவது சிம்பல், டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு. என் 90 நிமிடக் கேசட்டில் சிம்பல் என்பது யாரோ அடுத்த அறையில் காகிதம் கசக்குவது போலக் கேட்கும். ஸ்நேர் என்ற அந்தச் சின்ன முரசு மட்டும் தப்பித்தது. வருடங்கள் கழித்து சிடியில் கேட்டபோது, ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரி, முடிகிற இடத்தில் சிம்பலை அடித்து உடனே கையால் பிடித்து நிறுத்துகிறார் ஆண்டி. அந்த இடத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அங்கே ஒரு சிம்பல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 7

திருத்தம். முதல் குறிப்பில் சியாட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல எழுதிவிட்டேன். ஒரு சம்பந்தம் இருக்கிறது, நான் மறந்திருந்தேன்.

1991 கோடையில் ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆகிய மூன்று பெரிய த்ராஷ் குழுக்களும் சேர்ந்து அமெரிக்கா முழுக்கப் போன 'க்ளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' பயணத்தில், முதலில் மேடையேற வேண்டிய குழு டெத் ஏஞ்சல். விபத்தால் அவர்கள் போக முடியவில்லை. அந்த இடத்துக்கு வந்தது ஆலிஸ் இன் செயின்ஸ், சாட்சாத் சியாட்டில் குழு. ஸ்லேயருக்காக வந்த கூட்டம் அவர்களைப் பார்த்துக் கத்தியது, கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தது. அவர்கள் அசையாமல் நின்று வாசித்தார்கள். அதற்கு என் மரியாதை உண்டு.

ஆக, வாசகர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. டெத் ஏஞ்சல் நிற்க வேண்டிய இடத்தில் சியாட்டில்காரர்கள் நின்றார்கள். ஆனால் யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை. இடம் ஏற்கெனவே காலியாகிக் கிடந்தது.

பிப்ரவரி 9, அதிகாலை

தூக்கம் வரவில்லை. இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நானும் ஒரு த்ராஷ் குழுவில் ரிதம் கித்தார் வாசித்தவன். நான்கு பேர், இரண்டரை வருடம். ஒரு நண்பன் வீட்டு மாடி அறை. சுவரில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தோம், சத்தம் வெளியே போகாமல் இருக்க. போய்க்கொண்டுதான் இருந்தது.

த்ராஷில் ரிதம் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் உள்ள உறவு வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல் பதித்து, ஒலியை அமுக்கி அடித்துக்கொண்டு போக வேண்டும். தாம்-தக தாம்-தக தாம்-தக என்று குதிரை ஓடும். அந்த 'தாம்' டிரம்மரின் வலது காலோடு ஒட்டியிருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ரிஃப் தொளதொளத்துவிடும். மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்தால் கேட்டு வாசிப்பது நின்றுபோகும். அவன் தோள் லேசாக உயர்வதைப் பார்த்தாலே என் கை இறங்கிவிடும்.

எங்கள் டிரம்மருக்கு ஒரு பழக்கம். வேகமான பகுதி முடிந்து பாதி வேகத்துக்கு இறங்கும் இடத்தில், முதல் அடியைக் கொஞ்சம் தாமதித்துப் போடுவான். ஒரு மூச்சளவு கூட இல்லை. அந்த இடைவெளியில் அறையே தொங்கிக்கொண்டு நிற்கும். பிறகு விழும். அதை அவனிடம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். எங்கள் முதல் பெரிய நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தது. வந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள் நடத்தியவர்கள். நாங்கள் வேறு டிரம்மரைப் பிடித்தோம். நல்ல வாசிப்பாளர், மூன்றே ஒத்திகையில் எல்லாப் பாட்டையும் படித்துவிட்டார். மெட்ரோனோம் என்ற தாளக் கருவி மாதிரி வாசித்தார். அந்தப் பாதி வேக இடத்தில் முதல் அடி மிகச் சரியாக, விழவேண்டிய நொடியில் விழுந்தது. எனக்கு வயிற்றில் என்னவோ போலிருந்தது.

எங்கள் ஆள் வந்திருந்தான். மேடையின் இடது ஓரத்தில், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு நின்றான். இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கம் நான் பார்த்தது ஒரே ஒரு முறை.

கை சரியான பிறகும் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. நான்கு மாதத்தில் குழு முடிந்தது. அவனுடைய கிக் பெடல், காலால் மிதித்து டிரம் அடிக்கிற கருவி, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 10

"வேறு ஆளை வைத்துக்கொண்டு தொடர்வதை மெட்டாலிகா செய்யவில்லையா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

செய்தார்கள். 1986 செப்டம்பர் 27, ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து பேஸ் வாசித்த க்ளிஃப் பர்ட்டன் இறந்தார். அதே நவம்பரில் ஜேசன் நியூஸ்டெடுடன் மேடையேறினார்கள், ஜப்பானுக்கும் போனார்கள். நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டு பேருந்து விபத்து, இரண்டும் ஒரே வளைகுடாப் பகுதிக் குழுக்களுக்கு. ஒன்று உலகத்திலேயே பெரிய மெட்டல் குழு ஆனது, இன்னொன்று கலைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும்தான்.

எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. பர்ட்டன் திரும்பி வரப்போவதில்லை. ஆண்டி கட்டிலில் கிடக்கிறார், தேறிக்கொண்டிருக்கிறார். அவர் கண் எதிரிலேயே அவர் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைக்க வேண்டும். அதுவும் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ அடுத்த விசேஷத்தில் நேருக்கு நேர் பார்க்கவேண்டிய ஒருவரை.

மெட்டாலிகாவுக்கும் அது சும்மா போய்விடவில்லை. 1988இல் வந்த அடுத்த ஆல்பத்தில் நியூஸ்டெடின் பேஸ் காதில் விழாது. ஏன் அப்படிக் கலந்தார்கள் என்று இன்றுவரை பேசுகிறார்கள். வந்தவருக்கும் அந்த இடம் சுலபமாக இல்லை. எங்கள் நிகழ்ச்சியில் வாசித்தவரை அன்று ஒருவரும் கைகொடுத்துப் பாராட்டவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் படித்து வாசித்த மனிதர்.

பிப்ரவரி 13

ஜெஃபென் கம்பெனியைப் பற்றி ஒருவர் கேட்டார். மாற்று டிரம்மரை வைத்துப் பயணத்தைத் தொடரச் சொல்லி அழுத்தம் வந்தது. இவர்கள் மாட்டோம் என்றார்கள். கம்பெனி கைவிட்டது. யோசித்துப் பாருங்கள். இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். மேக்ஸ் நார்மன் தயாரித்த ஆல்பம் கையில் இருக்கிறது. அக்கூஸ்டிக் கித்தாரும் ஃபங்க் தாளமும் கலந்து, த்ராஷில் அதுவரை யாரும் போகாத பக்கம் போன ஆல்பம். தொலைக்காட்சியில் வீடியோ ஓடியிருக்கிறது. எட்டு வருட உழைப்பு. அத்தனையையும் ஒரு பக்கம் வைத்து, அடிபட்டுக் கிடப்பவனை இன்னொரு பக்கம் வைத்து, மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு மாலை நிகழ்ச்சி. நாங்கள் சரி என்றோம்.

பிப்ரவரி 14

இன்னொரு திருத்தம். "1991இல் குழு இல்லாமல் போனது" என்று எழுதியது பாதி உண்மை. போனது பெயரும் பாடகரும். மற்ற நான்கு பேரும் 'தி ஆர்கனைசேஷன்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கவெஸ்டனி பாடினார், டிரம்ஸில் ஆண்டி உட்கார்ந்தார். 1993இல் ஒன்று, 1995இல் ஒன்று என இரண்டு ஆல்பம். த்ராஷ் அல்ல, வேறு மாதிரி இசை. எனக்கு அதில் பாதிக்கு மேல் பிடிக்காது. ஆனாலும் ஆண்டியின் ஸ்நேர் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிகிறது.

மார்க் இசையையே விட்டுவிட்டு நியூயார்க் போனார். முன்பெல்லாம் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மற்றவர்கள் காத்திருக்கும்போது இவர் மட்டும் கிளம்பிவிட்டாரே என்று. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. பதின்ம வயது முழுக்க மேடையிலும் வேனிலும் கழித்தவர். பேருந்து உருண்ட பிறகு எதற்காகவும் இன்னொரு பேருந்தில் ஏறமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அதில் என்ன குற்றம்? எங்கள் பேசிஸ்ட் முதலில் விலகியபோது நான் அவனிடம் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிப்ரவரி 16

2001 ஆகஸ்ட் 11, சான் பிரான்சிஸ்கோ மாரிடைம் ஹால். டெஸ்டமென்ட் என்ற த்ராஷ் குழுவின் பாடகர் சக் பில்லிக்குப் புற்றுநோய். சிகிச்சைச் செலவுக்காகப் பழைய த்ராஷ் குழுக்கள் ஒன்றுகூடின. 'த்ராஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' என்று பெயர். கலைந்த குழுக்களெல்லாம் அந்த ஓர் இரவுக்காகத் திரும்ப வந்தன. டெத் ஏஞ்சலும் வந்தது. மார்க், கவெஸ்டனி, டெனிஸ், ஆண்டி நால்வரும் வந்தார்கள். கஸ் பேபாவின் இடத்தில் டெட் அகிலார். பத்து ஆண்டு கழித்து, இன்னொருவரின் வைத்தியச் செலவுக்காக மேடையேறியவர்கள் அப்புறம் இறங்கவே இல்லை. 2004இல் புதிய ஆல்பம். இன்றும் வாசிக்கிறார்கள். 2019 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிராமி பரிந்துரை வரை போனது. சக் பில்லியும் பிழைத்து, இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்த ஒருவர் கேட்ட கேள்விதான் இரண்டு நாளாகக் குடைகிறது. "2008 ஆல்பத்துக்குப் பிறகு டெனிஸும் ஆண்டியும் விலகினார்கள். வில் கரோல் டிரம்ஸுக்கு வந்தார். குழு நிற்கவில்லையே? அப்படியானால் ஆண்டி இல்லாமல் டெத் ஏஞ்சல் இல்லை என்ற உங்கள் பேச்சு என்ன ஆகிறது?"

நேர்மையாகச் சொன்னால், என் பேச்சு சுருங்கத்தான் செய்கிறது. வில் கரோல் பிரமாதமான டிரம்மர், 2009இலிருந்து பல ஆண்டுகள் குழுவின் ஆட்கள் மாறவே இல்லை. இசைக்காக மட்டும்தான் என்றால் 1991லும் ஒரு டிரம்மர் கிடைத்திருப்பார். ஆனால் ஆண்டி 2009இல் தன் காலால் நடந்து போனார். 1991இல் அவரால் நடக்க முடியாத நேரத்தில் விட்டுப் போகச் சொன்னார்கள். ஒரே நாற்காலிதான், இரண்டு விதமாகக் காலியாகிறது. எனக்கு முக்கியம் இந்த வித்தியாசம்தான் என்று இப்போது படுகிறது. டிரம்மரை மாற்றவே கூடாது என்று நான் முன்பு நினைத்துக்கொண்டிருந்தது தவறு.

பிப்ரவரி 21

எங்கள் டிரம்மர் இதையெல்லாம் படித்திருக்கிறான். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு போன். ஒன்பதாம் தேதிக் குறிப்பை அழிக்காமல் அப்படியே விடுகிறேன். அவன் சொன்னது இது:

"டேய், நான் தொடையில தாளமெல்லாம் போடலடா. கை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. பேன்ட் பாக்கெட்ல மாத்திரை இருக்கான்னு தேடிட்டிருந்தேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு:

"வேற ஆள் வச்சதுக்குக் கோபமெல்லாம் இல்ல. மூணு வாரத்துல கை கூடாதுன்னு எனக்கே தெரியும். நீங்க மூணு பேரும் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தீங்க. உக்காந்து என்னென்னவோ பேசினீங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல. போஸ்டர்ல அவன் படத்தப் பாத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. கேட்டிருந்தா அந்த எடத்த எப்படி இழுத்துப் போடணும்னு அவனுக்கு நானே சொல்லிக்குடுத்திருப்பேன்."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. போய் உட்கார்ந்த இரண்டு தடவையும் நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை, வாசலில் செருப்பு மாட்டும்போது, யார் சொல்வது என்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் திரும்ப உள்ளே போகவில்லை.

அதைச் சொன்னேன். "தெரியும், ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தேன்" என்றான்.

பிறகு அரைமணி நேரம் ஆண்டி கேலியனைப் பற்றியே பேசினோம். அவன் கேட்டதும் கேசட்டில்தான். என் கேசட்டிலிருந்து எடுத்த பிரதி, ஆகவே அவனுக்கு இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும். கையால் பிடித்து நிறுத்தும் அந்தச் சிம்பலைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கும் இதுவரை தெரியாதாம். போனை வைக்காமலே அந்தப் பாட்டைத் தேடி ஓடவிட்டான். அந்த இடம் வந்ததும் "அட" என்றான்.

பிப்ரவரி 22

மறந்துவிட்டேன், பெடலைக் கேட்டான். அவன் மகள் வாசிக்க ஆரம்பித்திருக்கிறாளாம். பரணிலிருந்து இறக்கினேன். சங்கிலி துருப்பிடித்து இறுகியிருந்தது, எண்ணெய் போட்டு ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நீட்டியதில் இப்போது ஓடுகிறது. டிரம்மை அடிக்கும் தலையான பீட்டரில் ஒரு பக்கம் மட்டும் ஃபெல்ட் தேய்ந்து பள்ளமாயிருக்கிறது, அவன் காலுக்குத் தேய்ந்தது. தேயாத பக்கம் முன்னால் வருகிற மாதிரி திருப்பி மாட்டியிருக்கிறேன். ஸ்பிரிங் புதிதாக வாங்க வேண்டும். நாளை வாங்கிப் போட்டு அனுப்பிவிடுவேன்.